167 பெரிதா, 158 பெரிதா?

சிறுமலை வாழைப்பழமும் திண்டுக்கல் பூட்டும் ஊரறிந்தவை. அதே மாவட்டத்தின் அம்பிளிக்கை ஆய்வு வெளிநாட்டு மருத்துவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியாது.

ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் இயங்கிய கிறிஸ்தவ மருத்துவ மையம், அடையாறு புற்றுநோய் நிலையம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மூன்றும் சேர்ந்து 2000-இல் அதைத் தொடங்கின. கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர் 4% அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவுவார். கோளாறுள்ள இடம் வெளுத்துத் தெரியும். மீதித் தொகுதிகளில் வழக்கமான சிகிச்சை மட்டும்.

2006 வரை கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் பரிசோதித்த பக்கம் 167 பேர், மற்ற பக்கம் 158 பேர். பரிசோதனை வீண் என்றுதானே தோன்றும்? ஆனால் முதல் பக்கத்தில் 49,311 பெண்கள். இரண்டாவதில் 30,958 பேர்தான்.

ஆள்கணக்கும் போதாது. ஒருத்தி இரண்டே ஆண்டில் திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளை இறந்தவர்களோடும் சேர்க்க முடியாது, நோயின்றித் தப்பியவர்களோடும் சேர்க்க முடியாது. கண்ணில் பட்டவரை அவளது காலத்தை எண்ணிவிட்டு, அவள் கணக்கை அங்கேயே நிறுத்த வேண்டும். உயிர்வாழ்வுப் பகுப்பாய்வின் அடிப்படை இதுதான். புள்ளியியலாளர்கள் கப்லானும் மையரும் 1958-இலும், காக்ஸ் 1972-இலும் இதற்கு வழிமுறை தந்தார்கள்.

ஒரு பெண் ஓராண்டு கண்காணிப்பில் இருந்தால் அது ஒரு நபர்-ஆண்டு. அப்படி எண்ணியபோது பரிசோதித்த பக்கம் 2,74,430 நபர்-ஆண்டுகள், மறுபக்கம் 1,78,781. லட்சம் நபர்-ஆண்டுகளுக்கு 61 பேர், 88 பேர். வயது முதலிய வேறுபாடுகளைச் சரிக்கட்டிய பிறகு நோய் 25%, அதனால் வரும் இறப்பு 35% குறைந்திருந்ததாக 2007-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பரிசோதனை இல்லாத பக்கம் இந்த நோயால் 92 பேர் இறந்தார்கள். அவர்களை ஏன் அப்படி விட்டீர்கள் என்று கேட்டவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

நோய் தெரிந்த நாளிலிருந்து எண்ணியிருந்தால் கணக்கு ஏமாற்றியிருக்கும். சாகும் நாள் மாறாவிட்டாலும், முன்பே கண்டுபிடித்ததாலேயே பிழைத்த காலம் நீண்டு தெரியும். அம்பிளிக்கையில் நோயாளிகளோடு நிற்காமல், ஆய்வில் சேர்ந்த பெண்கள் அத்தனை பேரையும் கணக்கில் வைத்து இறப்பை எண்ணினார்கள்.

‘ஐந்தாண்டு உயிர்வாழ்வு 90%’ என்று விளம்பரப் பலகை வைக்கும் மருத்துவமனைகள், எந்த நாளிலிருந்து எண்ணினார்கள், இடையில் எத்தனை பேர் தொடர்பறுந்து போனார்கள் என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். நோய் முற்றியவர்கள்தான் சிகிச்சைக்கு வராமல் வீட்டோடு நின்றுவிட்டார்கள் என்றால், அந்த 90 நம்பத்தக்கதல்ல.