'சின்ஸ்' போடணுமா, 'ஃபார்' போடணுமா? விடை தமிழிலேயே இருக்கு!

கடை போர்டுகளில் 'சின்ஸ் 1985' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சரி. அதே கடை 'சின்ஸ் 40 இயர்ஸ்' என்று போட்டால் தவறு. இரண்டுமே கடை எவ்வளவு பழசு என்பதைத்தானே சொல்கின்றன? பிறகு ஏன் ஒன்று சரி, ஒன்று தவறு?

விதி ரொம்ப எளிது. ஒரு விஷயம் எப்போது தொடங்கியது என்று சொன்னால் 'சின்ஸ்'. எவ்வளவு காலம் என்று சொன்னால் 'ஃபார்'. 1985 என்பது தொடங்கிய ஆண்டு. 40 வருடம் என்பது கால அளவு.

மனப்பாடம் செய்ய வேண்டாம்!

இந்த வித்தியாசம் தமிழிலேயே இருக்கிறது. 'மூணு நாளா காய்ச்சல்' என்கிறோம். 'திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்' என்கிறோம். 'திங்கட்கிழமையா காய்ச்சல்' என்று யாரும் சொல்வதில்லை. ஆக, தமிழில் 'நாளா, மாசமா, வருஷமா' என்று வந்தால் 'ஃபார்'. 'இலிருந்து' என்று வந்தால் 'சின்ஸ்'. அவ்வளவுதான்.

பலர் தடுமாறுவது 'லாஸ்ட்' என்ற சொல் வரும்போது. 'போன வருஷத்திலிருந்து' என்றால் 'சின்ஸ் லாஸ்ட் இயர்'. ஆனால், 'கடந்த ரெண்டு வருஷமா' என்றால் 'ஃபார் த லாஸ்ட் டூ இயர்ஸ்'. இங்கே 'சின்ஸ்' வராது.

வேலையே போயிடும்!

'சின்ஸ்', 'ஃபார்' மாறிப்போனாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் கூட வரும் வினைச்சொல் மாறினால் அர்த்தமே மாறிவிடும்.

'மூணு வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்' என்பதற்கு, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று சொல்ல வேண்டும். இன்டர்வியூ பதற்றத்தில் 'ஐ வொர்க்டு தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று சொல்லிவிட்டால், 'மூணு வருஷம் வேலை பார்த்தேன்' என்று அர்த்தம். அதாவது, இப்போது அந்த வேலையில் இல்லை. 'ஏன் விட்டீங்க?' என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

டாக்டரிடம் பேசும்போது இன்னும் கவனம் தேவை. தமிழ் தெரியாத ஊரில் குழந்தையைக் காட்டப் போகிறீர்கள். 'ஷி ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்றால், காய்ச்சல் மூன்று நாள் இருந்தது, இப்போது இல்லை என்றுதான் புரியும். இன்னமும் காய்ச்சல் இருந்தால், 'ஷி ஹேஸ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்று சொல்லுங்கள்.

தமிழில் 'மூணு நாள்', 'மூணு நாளா' என்ற சின்ன வித்தியாசமே தொடர்கிறதா, முடிந்ததா என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் 'ஃபார்' இரண்டுக்கும் பொது. அதைக் காட்டும் வேலையை 'ஹேவ்', 'ஹேஸ்' செய்கின்றன.

இன்னொரு அர்த்தமும் உண்டு

'சின்ஸ்' என்றால் 'என்பதால்' என்றும் அர்த்தம். 'சின்ஸ் இட் இஸ் ரெய்னிங்' என்றால் 'மழை பெய்வதால்'. 'சின்ஸ் ஹி லெஃப்ட்' என்றால் 'அவர் போனதிலிருந்து' என்றும் எடுத்துக்கொள்ளலாம், 'அவர் போனதால்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஆபீஸ் மெயிலில் இப்படிக் குழப்பம் வரும் என்று தோன்றினால், காரணம் சொல்லும் இடத்தில் 'பிகாஸ்' போட்டுவிடுங்கள்.

நீங்களே சொல்லிப் பாருங்கள்

1. காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை.
2. பத்து நிமிஷமா பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்.
3. கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் மதுரையில் இருக்கிறோம்.
4. பாட்டி எங்கள் வீட்டில் ரெண்டு மாசம் இருந்தார்.

விடைகள்:

1. ஐ ஹேவன்ட் ஈட்டன் எனிதிங் சின்ஸ் மார்னிங்.
2. ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் த பஸ் ஃபார் டென் மினிட்ஸ்.
3. வி ஹேவ் பீன் இன் மதுரை சின்ஸ் அவர் வெட்டிங்.
4. கிராண்ட்மா ஸ்டேய்டு வித் அஸ் ஃபார் டூ மன்த்ஸ்.

நாலாவதில் 'ஹேஸ் பீன் ஸ்டேயிங்' என்று சொன்னீர்களா? அப்படியென்றால் பாட்டி இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை!