‘நார்மல்’ என்றொரு கெட்ட வார்த்தை

பாத்ரூமில் வழுக்கி, முகம் குப்புற விழுந்த பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறீர்கள். கழுத்துக்கு ஒரு எக்ஸ்-ரே. ‘எலும்பு உடையலை, நார்மல்’ என்றதும் குலதெய்வத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள். ‘கையில பிடிமானமே இல்லப்பா’ என்று அவர் முனகினால், ‘அதான் நார்மல்னுட்டாங்களே’ என்று அடக்கிவிடுகிறீர்கள்.

அந்த ‘நார்மல்’மேல்தான் என் கோபம்.

எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும். தண்டுவடத்தைக் காட்டாது. முதுகெலும்பு பைப் என்றால், தண்டுவடம் அதற்குள் ஓடும் ஒயர். பைப் உடையாமலே ஒயர் நசுங்கலாம். எலும்பு முறிவையே எக்ஸ்-ரே தவறவிடுவதுண்டு. பெரியவர்களுக்குக் கழுத்தில் பலத்த அடி என்றால் முதலில் எடுக்கவேண்டியது சி.டி. ஸ்கேன். தண்டுவடத்தின் வீக்கம், உள்ளே கசிந்த ரத்தம், கிழிந்த ஜவ்வு இதெல்லாம் தெளிவாகத் தெரிய எம்.ஆர்.ஐ. வேண்டும்.

எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் தண்டுவடம் அடிபட்டிருக்கிறது என்ற நிலைக்கு 1982-லேயே பாங், வில்பெர்கர் என்ற இரு டாக்டர்கள் ‘சிவோரா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் பார்த்தது குழந்தைகளிடம். வயதானவர்களுக்கு வேறு வழியில் வருகிறது. கழுத்தெலும்பு தேய்ந்து பாதை ஏற்கெனவே குறுகியிருக்கும். விழும்போது தலை பின்னால் வளைந்தாலே தண்டுவடம் நசுங்கிவிடும். மனிதர் நடப்பார், சட்டைப் பட்டன் போட முடியாது.

‘அப்போ எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்துடலாமே?’ என்பீர்கள். வேண்டாம் சார்! 2000-ல் வெளியான ‘நெக்ஸஸ்’ ஆய்வில், அமெரிக்காவில் அடிபட்டு வந்த 34,069 பேரிடம் ஐந்தே விஷயங்களைப் பார்த்தார்கள். கழுத்தின் பின்புற நடுவில் அமுக்கினால் வலிக்கிறதா? கைகாலில் பலவீனமோ மரத்துப்போவதோ உண்டா? போதையா? நினைவில் குழப்பமா? கழுத்து வலியை மறைக்கும் அளவுக்கு வேறெங்காவது பெரிய அடியா? ஐந்துக்கும் ‘இல்லை’ என்றால் கழுத்துக்குப் படமே வேண்டாம். கழுத்தில் காயமிருந்த 818 பேரில் இந்தச் சோதனை தவறவிட்டது வெறும் 8 பேரை. 65 வயது தாண்டியவருக்கு மட்டும் எப்படியும் படம் எடுத்துவிடு என்கிறது 2001-ல் வந்த கனடா விதி.

இதற்கு மெஷின் எதற்கு? டாக்டரின் விரலும் ஐந்து நிமிஷமும் போதும். அதைச் செய்யாமல் ஃபிலிமை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது வைத்தியமா?

தாமதத்துக்கு விலை உண்டு. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களில், 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியதாக 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. ‘நார்மல்’ என்று நம்பி வீட்டில் படுத்திருப்பது அந்த மணி நேரங்களில்தான்.

எனவே, கூச்சப்படாமல் கேளுங்கள்: ‘எலும்பு நார்மல், சரி. தண்டுவடம்? கை ஏன் பலமில்லாம இருக்கு? எம்.ஆர்.ஐ. வேணாமா?’ பதில் வரும்வரை கழுத்தை அசைக்க விடாதீர்கள். டாக்டர் கோபித்துக்கொண்டால் அது சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். நசுங்கிய தண்டுவடம் அத்தனை சீக்கிரம் ஆறாது.