108-க்கு போன் போட்டாச்சு... அடுத்து என்ன நடக்கும்?

இரவு 11 மணி. நெல்லை நான்குவழிச் சாலையில் பைக் சறுக்கி ஒருவர் விழுந்து கிடக்கிறார். சுற்றி பத்துப் பேர். ஒருவர் 108-ஐ அழைக்கிறார். எந்த மாவட்டம், எந்த தாலுகா என்று கேள்விகள் வர, "முதல்ல வண்டிய அனுப்புங்க சார்!" என்று கத்திவிட்டு கட் செய்கிறார். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் தொடங்கியது. அழைப்பு போவது கட்டுப்பாட்டு மையத்துக்கு. நெல்லையில் நிற்பவர் "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல" என்றால், அங்கே போனை எடுத்தவருக்கு அது எந்த பஸ் ஸ்டாண்ட் என்று எப்படித் தெரியும்? அதனால்தான் மாவட்டம், தாலுகா, ஊர் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். சாப்பாடு டெலிவரி ஆப் போல லொகேஷன் தானாகப் போய்விடும் என்று நம்பி இருக்கக் கூடாது. ஹைவேயில் ஊர் பெயர் தெரியாவிட்டால் கிலோமீட்டர் கல்லைப் பாருங்க. எந்த ஊர் போகும் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். பக்கம் மாறினால் வண்டி யு-டர்ன் தேடி அலைய வேண்டியதுதான்.

அடுத்து, எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, ரத்தம் போகிறதா என்பார்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். வழி கேட்க ஆம்புலன்ஸில் இருந்து அதே நம்பருக்கு போன் வரும். அப்போது பார்த்து நாம் மாமா, சித்தப்பா என்று ஒவ்வொருவருக்காகத் தகவல் சொல்லிக்கொண்டிருப்போம். லைன் பிஸி! அல்லது தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விடுவோம். உறவினர்களுக்குச் சொல்ல வேறொருவர் போனை வாங்கிக்கோங்க. ஒருவரை மெயின் ரோட்டில் நிறுத்தி டார்ச் அடிக்கச் சொல்வதும் உதவும்.

வண்டியில் டிரைவருடன் மருத்துவ உதவியாளரும் வருவார். கட்டணம் கிடையாது. நீங்கள் விரும்பும் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள் என்று சொல்ல முடியாது. பொதுவாக, சிகிச்சை வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைதான்.

"போலீஸ் கேஸ் ஆகிடுமோ" என்ற பயமா? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால், அழைத்த போன் மட்டும் ஆம்புலன்ஸ் வரும்வரை ஃப்ரீயாக இருக்கட்டும்.