சத்தத்தை அழிக்கிறதுக்கு முன்னாடி சார்ஜரைக் கழற்றுங்க

கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் அம்மாயி ஒருத்தர் எங்களுக்காக ஒப்பாரி பாடினார். சாவு விழாத வீட்டுக்குள்ள ஒப்பாரி வைக்கக்கூடாதுன்னு முதல்ல மறுத்துட்டார். ரெண்டு மணிநேரம் பேசி, பிளேன்டீ குடிச்சு, கடைசியில் அவராகவே மனசு மாறிப் பாடினார். பதினொரு நிமிஷம்.

ராத்திரி போடிங் ரூமில் ஹெட்போனை மாட்டிக் கேட்டா, அந்தக் குரலுக்கு அடியில் "ங்ங்ங்" என்று ஒரு இரைச்சல். ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும். பாடும்போதே ஹெட்போன் போட்டுக் கேட்டிருக்கணும். கேட்கல. திரும்பப் போய்க் கேட்கவும் மனசு வரல. அப்படியொரு பாட்டை ரெண்டாம் தரம் பாடச் சொல்ல முடியாது.

நம்ம கூட்டத்தில் இப்ப நிறையப் பேர் ஒப்பாரி, தாலாட்டு, காமன் கூத்துப் பாட்டு என்று பதிவு செய்யப் போறாங்க. நல்ல விஷயம். சி. வி. வேலுப்பிள்ளை மலையகப் பாடல்களைத் தேடித்தேடிச் சேர்த்து நூலாக்கினார். ஆனா அச்சில் வரிகள்தான் நிற்கும். ராகமும் இழுப்பும் விம்மலும் நிற்காது. அதுக்குத்தான் ஒலிப்பதிவு. அதையே நாம இரைச்சலோட கொண்டுவந்தா என்ன பிரயோசனம்?

என் கதையைச் சொன்னப்போ நண்பர்கள் மூணு யோசனை சொன்னாங்க. மூணிலும் எனக்கு உடன்பாடில்லை.

முதலாவது, சொஃப்ட்வெயரில் இரைச்சலை அழிச்சிடலாம் என்பது. நம்ம கரண்ட் செக்கனுக்கு 50 தரம் அதிருது. அந்த இரைச்சல் 50-இல் மட்டும் இருக்காது. 100, 150, 200 என்று மேலே ஏறும். பெண்களின் பேச்சுக் குரலின் அடிச்சுருதி பொதுவா 165-இலிருந்து 255 வரைக்கும். அதனால இரைச்சலை வெட்டும்போது குரலின் சதையையும் சேர்த்துத்தான் வெட்டுறோம். நான் வெட்டிப் பார்த்தேன். அம்மாயி தகர டப்பாவுக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆயிடுச்சு.

ரெண்டாவது, விலைகூடின மைக் வாங்கு என்பது. மைக்கில் பிழையே இல்லை. அதே மைக், அதே கேபிள். சார்ஜரைக் கழற்றி பெட்டரியில் ஓட்டிப் பார்த்தா இரைச்சல் இல்லை. இந்தச் சோதனைக்கு ஒரு சதம் செலவில்லை. லெப்டொப் சார்ஜர் 230 வோல்ட் கரண்டை செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தரம் வெட்டி வெட்டித்தான் சின்ன வோல்ட்டா மாத்துது. அதில் வர்ற அழுக்கை வடிகட்ட உள்ளே சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கு. அவை அழுக்கைத் தள்ளிவிட ஏர்த் வயர் வேணும். ஏர்த் இல்லாட்டி, கொஞ்சம் கசிவு லெப்டொப்பின் உலோக உடம்புக்கே வந்து, அங்கிருந்து யூஎஸ்பி வழியா மைக் பக்கமும் போகும்.

மூணாவதுதான் பயங்கரம்: "பிளக்கின் ஏர்த் முள்ளை உடைச்சிடு, சத்தம் போயிடும்." சில நேரம் உண்மையாவே போயிடும். லெப்டொப்பும் ஸ்பீக்கரும் வெவ்வேறு பிளக்கில் ஏர்த் ஆகி, நடுவில் ஒரு வட்டம் உண்டாகி இரைஞ்சா, ஒரு ஏர்த்தை அறுத்ததும் அந்த வட்டம் அறுந்துடும். ஆனா அந்த முள் ஒலிக்காக வைச்சதில்லை, உயிருக்காக வைச்சது. சார்ஜர் பழுதாகி 230 வோல்ட் உலோகத்துக்கு வந்தா, ஏர்த் இருந்தா ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். இல்லாட்டி யாராவது ஒருத்தர் தொடும் வரைக்கும் அது காத்துக்கிட்டிருக்கும். மைக்கில் உதடு படப் பாடுறவர் யாருன்னு யோசிங்க.

அன்னைக்கு நடந்த ஒண்ணை நான் சரியாக் கவனிக்கல. பாட்டு முடிஞ்சு படத்தைக் காட்டும்போது அம்மாயி லெப்டொப்பைத் தொட்டு, "சுருக்குங்குதே தம்பி" என்றார். நாங்க சிரிச்சோம். நான் செருப்புப் போட்டிருந்தேன், அவர் ஈரச் சிமெந்துத் தரையில் வெறுங்காலோட நின்னார். ரெண்டு முள் சார்ஜர் என்றா எந்த வீட்டிலும் லேசா சுருக்கும். என்னுடையது மூணு முள். அதுக்குச் சுருக்கவே கூடாது. பிறகு வயரிங் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரைக் கூட்டிப் போய்ப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். வெளியே மூணு ஓட்டை. உள்ளே ஏர்த் வயரே இல்லை. அதே பிளக்கில்தான் அந்த வீட்டுக் கேத்தலும் ஓடுது.

1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர, கலஹாவிலிருந்து கொஞ்ச தூரம்தான். அந்த வரலாற்றைப் பதிவு செய்ய நாம மைக்கோட போறோம். போற வீட்டின் சுவரையும் கொஞ்சம் பார்க்கணும். பாட்டை மட்டும் எடுத்துக்கிட்டு வந்து, அதில் விழுந்த இரைச்சலை நம்ம பிரச்சினையா மட்டும் நினைச்சா, அது நியாயமில்லை.

அதனால என் வேண்டுகோள். பெட்டரியை முழுசா ஏத்திக்கிட்டுப் போங்க, பதிவு நேரத்தில் சார்ஜரைக் கழற்றுங்க. பக்கத்தில் இன்னொரு ஃபோனிலும் பதிவு ஓடட்டும். பாடத் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஹெட்போனில் கேளுங்க. சார்ஜர் போட்டாத்தான் வேலை ஓடும் என்றா, மூணு முள் எக்ஸ்எல்ஆர் கேபிளும் யூஎஸ்பி ஐசொலேட்டரும் ஓரளவு உதவும். ஏர்த் முள்ளில் மட்டும் கை வைக்காதீங்க. உலோகம் சுருக்கினா சிரிச்சுட்டு வராம, வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லி, வயரிங் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

அம்மாயியின் பதினொரு நிமிஷத்தை நான் வெட்டாம, இரைச்சலோடயே வைச்சிருக்கேன். அந்த வீட்டுப் பிளக்குக்கு இப்ப ஏர்த் போட்டாச்சு. அடுத்த லயத்தை இன்னும் பார்க்கல.