வெள்ளைச் சுவரும் வர்க்க இரசனையும்

நமது படித்த வகுப்பினர் வீட்டின் முன்னறைக்கு நிறந் தெரிவு செய்யும்போது தவறாது உச்சரிக்கும் சொல் ஒன்றுண்டு. 'அடக்கம்' என்பதே அச்சொல். சுவர் அடக்கமாக இருத்தல் வேண்டும். திரைச்சீலை அடக்கமாக இருத்தல் வேண்டும். கதிரை உறையும் தரை விரிப்பும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது சாம்பலிலும் சந்தனத்திலும் ஒடுங்கிக் கிடத்தல் வேண்டும். செக்கச்சிவந்த சுவரின் முன்னே மஞ்சளும் பச்சையும் கலந்த பெருங்கோலத் துணியொன்றை எவரேனும் விரித்துவிட்டாரெனில், 'பட்டிக்காட்டு இரசனை' என்ற தீர்ப்பு உடனே வழங்கப்பட்டுவிடும். துணியைப் பார்த்து வழங்கப்படும் தீர்ப்புப்போல இது தோன்றும். உண்மையில் அத்துணியை விரும்பக்கூடிய மக்கட் கூட்டத்தைப் பார்த்தே இது வழங்கப்படுகின்றது.

கறுவாத் தோட்டத்துக் கனவான்கள் இவ்வாறு கருதுவதில் வியப்பில்லை. அவர்களோடு வாதிட இக்கட்டுரை எழுதப்படவுமில்லை. நம்மவரிடையே, அதாவது முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் ஆசிரியர்களிடையேயும் மாணவர்களிடையேயும், இதே தீர்ப்பு வேறொரு வேடத்தில் உலவுகின்றது. 'பசியும் வேலையின்மையும் உள்ள நாட்டில் வரவேற்பறையின் நிறத்தைப் பற்றி என்ன பேச்சு? அலங்காரம் முதலாளித்துவச் சொகுசு. எளிமையே உழைப்பாளியின் அழகு' என்கின்றனர் இவர்கள். கனவானின் இரசனையைக் கொள்கையென்று எண்ணிச் சுமந்து திரியும் இந்நண்பர்களுக்கே இங்கு விடைகூற வேண்டியுள்ளது.

முதலில், இவ்வடக்கத்தின் பூர்வீகத்தைச் சற்று ஆராய்வோம். 1810இல் வெளியான தமது நிறக் கோட்பாட்டு நூலிலே ஜேர்மானிய மகாகவி கோதே, நாகரிகமற்ற இனத்தாரும் கல்லாதோரும் குழந்தைகளும் அழுத்தமான நிறங்களில் மோகங் கொள்வர் என்றும், பண்பட்டோர் தமது உடையிலும் தம்மைச் சூழ்ந்த பொருள்களிலும் அவற்றைத் தவிர்ப்பர் என்றும் எழுதினார். ஐரோப்பா கீழைத்தேயங்களை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. நமது சாயங்களையும் அச்சுச் சீலைகளையும் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றவர்கள், அவற்றை விரும்பிய மனத்தைக் காட்டுமிராண்டி மனம் என்று வகைப்படுத்தினர். ஒரு நூற்றாண்டின் பின்னர், 1910 அளவில், வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடொல்ஃப் லூஸ் 'அலங்காரமும் குற்றமும்' என்ற தமது புகழ்பெற்ற உரையில் அதே வகைப்பாட்டை மேலுங் கூர்மையாக்கினார். பச்சை குத்திக்கொள்ளும் பப்புவா மனிதனும் குற்றவாளியும் அவர் பார்வையில் அலங்காரத்தின் இயல்பான உறவினர்.

லூசின் வாதத்தில் ஓர் உண்மையுண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. அலங்காரத்திற் செலவாகும் உழைப்புக்குத் தகுந்த கூலி கிடைப்பதில்லை. பலநாட் சித்திரவேலை செய்தவன், வெறும் பெட்டி செய்தவனைவிடக் குறைந்த ஊதியம் பெறுகிறான் என்று அவர் காட்டினார். நம் நண்பர்களுக்கு இக்கூற்று மிகவும் பிடித்தமானது. ஆனால் அவர் தம் செல்வந்த வாடிக்கையாளருக்கு என்ன செய்து கொடுத்தார்? பிராக் நகரில் 1930இல் முடிவுற்ற முல்லர் மாளிகையின் கூடத்துச் சுவர்களைப் பச்சை வரியோடிய சிப்பொல்லினோச் சலவைக்கல் மூடியிருக்கின்றது. அதன் வரிகள் எந்தத் திரைச்சீலைக் கோலத்துக்கும் இளைத்தவையல்ல. செல்வந்தனுக்குக் கோலத்தைக் கல்லே வரைந்து கொடுக்கும். ஏழை அதனைத் துணியில் அச்சிட்டால் அது குற்றமாகும்!

லெ கோர்பூசியேயின் கதை இதனினும் சுவையானது. ஒவ்வொரு குடிமகனும் தன் வீட்டுத் தொங்கல்களையும் சுவர்க் கடதாசிகளையும் கழற்றியெறிந்துவிட்டு 'ரிப்போலின்' என்னும் வெள்ளைப் பூச்சைப் பூச வேண்டுமெனச் சட்டமியற்றுவோர் தோரணையில் 1925இல் முழங்கினார் அவர். ஆறாண்டுகள் கழிந்தன. 1931இல் சலுப்ரா என்ற சுவர்க் கடதாசி நிறுவனத்துக்காக 43 நிறங்கொண்ட தொகுதியொன்றை அவரே ஆக்கிக் கொடுத்தார். சீடர்களோ இன்னும் முதற் கட்டளையையே பாராயணஞ் செய்துகொண்டிருக்கின்றனர்.

வெள்ளைச் சுவர் எளிமையானதென்பது ஒரு மயக்கம். அதனை வெள்ளையாக வைத்திருப்பவர் யார் என்று கேட்டுப் பார்த்தால் அம்மயக்கம் தெளியும். குழந்தையின் கைத்தடம், அடுப்பின் புகை, மழைக்காலத்துப் பூஞ்சணம் ஆகிய அனைத்தையும் வெள்ளை காட்டிக்கொடுத்துவிடும். துடைப்பதற்கு வேலைக்காரியும் ஆண்டுக்கொருமுறை பூசுவதற்குப் பணமும் உள்ள வீட்டிற்றான் வெள்ளை வெள்ளையாக நிலைக்கும். இதனை நாம் ஐரோப்பாவிலிருந்து கற்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மேற்சாதி வீடுகளின் நன்மை தீமைகளில் 'வெள்ளை கட்டுதல்' என்றொரு வழக்கம் இருந்ததை அறியாதார் யார்? பந்தலின் கீழே விரிந்த அந்த வெண்ணிற விதானம் வீட்டாரின் தகுதியைப் பறைசாற்றிற்று. அத்துணியைத் துவைத்து வெளுத்துச் சுமந்து வந்து கட்டிய சலவைத் தொழிலாளிக்கோ, அதே பந்தலிற் சமமாக அமரும் உரிமை இருக்கவில்லை. வெண்மையின் தூய்மை அங்கே பிறருடைய கைகளால் ஆக்கப்பட்டது.

மறுபுறம், மலையகத்து லயன் காம்பராவைப் பாருங்கள். 10 அடிக்கு 12 அடி அளவான ஒற்றை அறை; சமையலும் உறக்கமும் விருந்தும் அங்கேயே. புகை படிந்த அச்சுவரிலே நாட்காட்டிப் படங்களும் பத்திரிகைத் தாள்களும் தெய்வப் படங்களும் இடைவெளியின்றி ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டு, 'இரசனையற்ற நெரிசல்' என்று முகஞ்சுளித்த நண்பர்கள் உளர். தமக்குச் சொந்தமில்லாத சுவரொன்றை, தோட்டக் கம்பனியின் சுவரை, தம்முடையதாக்கிக்கொள்ளும் ஒரே வழியாக அம்மக்களுக்கு வாய்த்தது அதுதான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. அவ்வறையின் சிறுமையை அந்தப் படங்கள் மறைத்துவிட மாட்டா. எனினும் அங்கு வாழ்வோர் அச்சிறுமைக்குத் தலைவணங்கவில்லை என்பதற்கு அவையே சாட்சி.

'தொழிலாளருக்கு முதலில் வீடு, பின்னரே நிறம்' எனப் படிவரிசை கூறும் தோழர்கள் புரூனோ டௌட் என்ற ஜேர்மானியக் கட்டடக் கலைஞரின் வரலாற்றை அறிந்திருத்தல் நல்லது. பேர்லினுக்கு அண்மையில் ஃபால்கன்பேர்க் என்னுமிடத்திலே 1913 தொடக்கம் 1916 வரை ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்காக அவர் கட்டிய சிறு வீடுகள் சிவப்பும் நீலமும் காவியும் பச்சையுமாகத் திகழ்ந்தன. நகரத்தார் 'வர்ணப் பெட்டிக் குடியேற்றம்' என்று எள்ளி நகையாடினர். அவர் அசையவில்லை. போர் முடிந்து நாடு வறுமையில் மூழ்கியிருந்த 1919இல், நிறக் கட்டடங்களுக்கான அறைகூவலொன்றை வெளியிட்டார். சிற்ப வேலையும் கொடுங்கை வேலையும் பணத்தை விழுங்குவன, நிறமோ மலிவானது, வறிய காலத்திற் கட்டடம் மகிழ்ச்சி தருவதற்கு எஞ்சியுள்ள வழி அதுவே என்பது அவ்வறைகூவலின் சாரம். தொழிற்சங்கங்கள் 1924இல் நிறுவிய வீடமைப்பு நிறுவனத்துக்காக அவர் பிரிட்ஸ் என்னுமிடத்தில் 1925இல் தொடங்கிய குதிரைலாட வடிவக் குடியிருப்பு, சுற்றியுள்ள வீடுகளுடன் சேர்த்து ஏறத்தாழ 2,000 குடும்பங்களுக்கு இடமளித்தது. அவ்வீடுகளின் வெளிச்சுவரில் மாத்திரமன்றி உள்ளறைகளிலும் மஞ்சளும் நீலமும் சிவப்பும் துணிவுடன் பூசப்பட்டன.

அலங்காரப் பொருட்களைக் குவிப்பதை டௌட் ஆதரித்தவரல்லர். 1924இல் வெளியான 'புதிய குடியிருப்பு' என்ற நூலில், தூசு தட்டியே பெண்களின் ஆயுளைத் தின்னும் பொம்மைகளையும் சித்திரச் சட்டங்களையும் அறையிலிருந்து அகற்றுமாறு அவர் வற்புறுத்தினார். அகற்றிய பின் எஞ்சிய சுவருக்கு அழுத்தமான நிறத்தைக் கொடுத்தார். நிறத்துக்குத் தூசு தட்ட வேண்டியதில்லை! பெண்ணின் உழைப்பைக் குறைப்பதும் கண்ணின் இன்பத்தைப் பெருக்குவதும் ஒரே வேலைத்திட்டத்தின் இரு கூறுகளாக அவருக்குத் தோன்றின. எளிமையையும் வெறுமையையும் குழப்பிக்கொள்ளும் நம் நண்பர்கள் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நாசிகள் அவரைப் 'பண்பாட்டுப் போல்ஷெவிக்' என்று தூற்றினர். 1933இல் நாட்டைவிட்டு வெளியேறிய அவர் 1938இல் இஸ்தான்புலிற் காலமானார். 'வர்ணப் பெட்டி'யையும் பிரிட்ஸ் குடியிருப்பையும் உள்ளிட்ட ஆறு குடியிருப்புகள் 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

இங்கிலாந்தின் வில்லியம் மொறிஸ் எடுத்துக்காட்டு சிக்கல் மிகுந்தது. அவுரி நீலத்தின்மேற் பறவைகளும் பழங்களும் நெருங்கிப் பின்னிய 'ஸ்ட்ரோபெரித் திருடன்' துணிக்கோலத்தை அவர் வெளியிட்ட 1883ஆம் ஆண்டிலேயே சனநாயகச் சம்மேளனத்திற் சேர்ந்து சோசலிசவாதியானார். அத்துணியின் விலையோ தொழிலாளிக்கு எட்டாதது. இன்னுமொன்று: ஆர்செனிக் தோண்டியெடுத்த சுரங்கக் கம்பனியொன்றின் பங்குப் பணத்திலேதான் அவரது இளமைச் செல்வம் ஊறிற்று, 1870களின் முற்பகுதியில் அக்கம்பனியின் இயக்குநருள் ஒருவராகவும் அவர் இருந்தார். அக்காலத்துச் சுவர்க் கடதாசிகளின் பச்சைநிறம் பலவும் ஆர்செனிக்கினால் ஆனவை. ஆகவே நிறம் என்றவுடன் கைகூப்புவதும் நமது வேலையன்று. எந்த நிறம், யார் கையால், எவ்விலைக்கு என்ற கேள்விகள் எப்போதும் உடன்வர வேண்டும்.

மொறிசிலிருந்து நமது நாட்டுக்கு நேரான பாதையொன்றுண்டு. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, தமது 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை 1908இல் வெளியிட்டபோது, மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அதனை அச்சிடுவித்தார். ஐரோப்பியப் போலிப் பண்டங்களால் வீட்டை நிரப்பிக்கொண்ட இலங்கைப் பிரபுக்களை அவர் சாடியது போல் வேறெவரும் சாடவில்லை. ஆயினும் கைவினைஞனைப் போற்றிய அவர், அவனைக் கட்டிவைத்த சாதியமைப்பையும் ஒரு பொற்காலத்தின் ஒழுங்காகக் கண்டுவிட்டார். கண்டிக்கு அண்மையிலுள்ள தும்பறைப் பாய்களை நோக்குக. கற்றாழையின நாரை உரித்து, பதங்கிக் கட்டையிற் சிவப்பும் மரமஞ்சளில் மஞ்சளும் ஏற்றி, கருநிறத்தோடு சேர்த்து யானையும் மானும் வடிவக் கோலங்களும் நெய்வர். சுவரில் மாட்டத்தக்க அத்துணிச்சலான கோலத்தை ஆக்கிய கின்னரர் சமூகத்தார், கண்டி இராச்சியத்தின் சாதிப் படிவரிசையில் மிகத் தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தனர். 2021இல் அக்கைவினை யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. பாய்க்குக் கிடைத்த மதிப்பு அதனை நெய்தவனுக்கு எத்தனை காலம் மறுக்கப்பட்டிருந்தது!

கிழக்கிலே மருதமுனைத் தறிகளையும் காத்தான்குடிப் பெண்களின் பன்பாய்களையும், வடக்கிலே சாயமேற்றிய பனையோலைப் பெட்டிகளையும் இவற்றோடு வைத்து எண்ணிப் பார்த்தால், அழுத்தமான நிறமும் கோலமும் இந்நாட்டு உழைப்பாளர் மொழிகளுள் ஒன்றென்பது விளங்கும். 1977இல் இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டதும் கைத்தறி நிலையங்கள் பல மூடப்பட்டன. அந்நிய மில் துணி மலிவாக வந்து குவிந்தது. எஞ்சிய தறிகளிலிருந்து வருவனவற்றுட் சில இன்று கொழும்பின் உயர்விலைக் கடைகளை அடைகின்றன. அங்கே அதே செம்மஞ்சளும் அதே ஊதாவும் 'நுண்ணிய இரசனை' எனப் பெயர் பெறுகின்றன. சந்தையில் விரித்தபோது பட்டிக்காட்டுத்தனமாக இருந்த நிறம், விலைச்சீட்டு ஏறியவுடன் கலையாகிவிடுகின்றது.

நிறத்தையெல்லாம் அள்ளிக் கொட்டுக என்று இங்கு கூறப்படுவதாக எவரும் கருத வேண்டாம். சலவைக்கல்லைப் போலச் செய்த பிளாஸ்ரிக் ஒட்டுத்தாளும் பொன்முலாம் பூசிய பொய்த் தூண்களும் புதுப்பணத்தின் கூச்சல். அவற்றுக்காக வாதாட நமக்கு விருப்பமில்லை. அறைக்கும் ஓர் இலக்கணம் உண்டு. பெருங்கோலம் ஒன்று இருக்குமிடத்திற் சிறுகோலம் ஒன்று துணை நிற்கலாம். இரண்டிலும் பொதுவான நிறமொன்று ஓடினால் அவை பகைக்கமாட்டா. தாழ்வாரம் இறங்கிய நமது வீடுகளில் வெளியே கண்கூசும் வெயிலும் உள்ளே அரையிருளும் நிலவுதலால், ஆழ்ந்த நிறம் உள்ளறையிற் கண்ணுக்கு இதமளிக்கும். சிவப்புச் சீமெந்துத் தரையிட்ட நமது பழைய கொத்தர் இதனை எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. சுண்ணாம்பிற் காவி கலந்து ஒரு சுவருக்குப் பூசுவதற்கு வெள்ளையடிக்கும் செலவோடு சிறிதே கூடும்.

நிறைவாக, தெரிவு செய்யும் உரிமை யாருக்கு என்ற வினா எஞ்சுகின்றது. மினற் டி சில்வா 1951இல் முடித்த கண்டி கருணாரத்ன இல்லத்திலே தும்பறை நெசவையும் அரக்கு வேலையையும் சுடுமண் ஓடுகளையும் நவீனக் கட்டடத்தோடு இணைத்தார். அது வசதி படைத்தோர் இல்லம். 1950களின் பிற்பகுதியில் அவர் வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை ஏற்றபோது செய்த காரியமே நமக்கு மேலானது. பல இனத்தவரான அரச ஊழியர்கள் குடியேறவிருந்த அத்திட்டத்துக்காக, வினாத்தாள்களை அனுப்பியும் கூட்டங்களை நடத்தியும் அவர்களின் தேவைகளைக் கேட்டறிந்த பின்னரே வரைபடத்திற் கை வைத்தார். மலையகத்திற் கட்டப்படும் வீடுகளோ வரிசை வரிசையாக ஒரே நிறத்திற் கையளிக்கப்படுகின்றன. குடியேறவிருப்போரிடம் எவரும் எதனையும் கேட்பதில்லை. இனிக் கட்டப்படும் ஒவ்வொரு தொகுதிக்கும் அத்தகைய வினாத்தாள் வேண்டுமென நாம் கோர வேண்டும். முன்னறைச் சுவரின் நிறம் பற்றிய கேள்வியும் அதில் இடம்பெறுதல் வேண்டும். தோட்டப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் மனம் வைத்தால், அவ்வினாத்தாளைத் தயாரித்து ஒரு தோட்டத்திலேனும் இவ்வாண்டே வீடு வீடாகக் கொண்டு செல்லலாம்.