வெள்ளிக் காசும் கல்லில் எழுதிய கணக்கும்

வெள்ளி நாணயம் புழங்கிய காலம் மறைந்து நெடுநாளாயினும், மலேசியத் தமிழர் ரிங்கிட்டை இன்றும் ‘வெள்ளி’ என்றே வழங்குகின்றனர். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் ஆலய உண்டியலில் சேர்வது ‘பத்து வெள்ளி’, ‘ஐம்பது வெள்ளி’ என்றே எண்ணப்படுகிறது. திருக்கோயிலின் பெயரால் உண்மையிலேயே வெள்ளியில் வார்க்கப்பெற்ற ஒரு காசு, திருவிழாக் காலத்தில் நினைவுகூரத் தக்கது.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் ஆயிரமாவது ஆண்டு 2010இல் கொண்டாடப்பட்டது. அதன் நினைவாக இந்திய அரசு ஆயிரம் ரூபாய் நாணயம் ஒன்றை வெளியிட்டது. எடை 35 கிராம். நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. அந்நாட்டில் ஆயிரம் ரூபாய் மதிப்பில் வந்த முதல் நாணயம் அதுவே. அதற்கு முன்னரே 1954இல் வெளிவந்த ஆயிரம் ரூபாய்த் தாளிலும் இக்கோயிலின் உருவம் இடம்பெற்றிருந்தது. அத்தாள் 1978இல் செல்லாததாயிற்று. தாள் போயிற்று, கோயில் நிற்கிறது.

அந்தக் காசைப் பூசையறையில் வைத்துப் போற்றுவது நன்றே. ஆயினும் அக்கோயிலை எடுப்பித்த மாமன்னன் இராசராசன் விட்டுச் சென்ற பாடம் அதனினும் பெரிது. தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்கு அவன் அளித்த செப்புக் குடத்தின் எடை 3,083 பலம் என்றும், அதன்மேல் போர்த்திய பொன் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறரைக் கழஞ்சு என்றும் கல்வெட்டு உரைக்கிறது. பொன்னை நிறுத்த கல்லுக்கே ‘ஆடவல்லான்’ என இறைவன் பெயர் இருந்தது. மன்னன் கொடுத்தது மட்டுமன்று. தமக்கையார் கொடுத்ததும், தேவியர் கொடுத்ததும், பிறர் கொடுத்ததும் அதே கோயிலின் கல்லில் ஏறின. கொடுத்தவர் எவராயினும் கணக்கு ஒன்றே.

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873இல் தம்புசாமிப் பிள்ளை அவர்களால் தோற்றுவிக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மற்ற ஆலயங்கள் பலவற்றைப் பால்மரத் தோட்டத்திலும் இரயில் பாதையிலும் உழைத்தோர் தம் கூலியில் மிச்சம் பிடித்து எழுப்பினர். அவர்களுள் எத்தனை பேரின் பெயர் இன்று அறியக் கிடைக்கிறது? திருப்பணி நடைபெறும்போது பழைய பெயர்க்கல் உடைபட்டு இடிபாடுகளோடு சென்றுவிடுவதும், பழைய கணக்கேடு கரையானுக்கு இரையாவதும் உண்டு. புதிய உபயகாரர் பலகை பளபளக்கும் சுவரில், பாட்டன் கொடுத்த ஒரு வெள்ளிக்கு இடமில்லாமற் போவது முறையன்று.

கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுமுன் பழைய கல்லைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துதல் வேண்டும். காணிக்கையாக வரும் வெள்ளிக் கவசத்தையும் குத்துவிளக்கையும் பலர் முன்னிலையில் நிறுத்து, எடையோடும் கொடுத்தவர் பெயரோடும் எழுதுதல் வேண்டும். அவ்வேட்டை அன்பர் எவரும் கேட்டுப் பார்க்கும் நிலை வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. மனம் ஒன்றே போதும்.

நினைவு நாணயம் அரசு அடிப்பது. நினைவைக் காப்பது ஆலய நிர்வாகமும் அன்பர்களும் சேர்ந்து ஆற்றவேண்டிய திருத்தொண்டு. அடுத்த குடமுழுக்குக்கு நாள் குறிக்கும் ஆலயங்கள் அத்தொண்டை இன்றே தொடங்குவனவாக.