பெட்ரோல் முள் பொய் சொல்லுமா?

39,506 கார்களைக் கம்பெனியே திரும்ப அழைத்தது!

காரில் பெட்ரோல் கால் டேங்க் இருப்பதாக முள் காட்டுகிறது. அதை நம்பிப் புறப்படுகிறீர்கள். வழியில் கார் நின்றுவிடுகிறது. டேங்க்கில் பெட்ரோல் இல்லை!

இப்படியும் நடக்குமா? நடக்கலாம்.

2025-ம் ஆண்டு நவம்பர் மாதம் மாருதி சுசுகி கம்பெனி, "கிராண்ட் விட்டாரா" கார்களில் 39,506 கார்களைத் திரும்ப அழைத்தது. 2024 டிசம்பர் 9-ந் தேதி முதல் 2025 ஏப்ரல் 29-ந் தேதி வரை செய்யப்பட்ட கார்கள் அவை. பெட்ரோல் அளவைக் காட்டும் கருவியும், பெட்ரோல் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கும் உண்மை அளவைக் காட்டாமல் போகலாம் என்று கம்பெனி அறிவித்தது. கோளாறு உள்ள பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாகவும் சொன்னது.

உழவர்கரைக்கு என்ன கவலை?

இந்தச் செய்தியை உழவர்கரைக்காரர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூர்ந்து படிக்க வேண்டும். காரணம், விலை.

புதுச்சேரியில் பெட்ரோல் மீதான வரி குறைவு. 2025 ஜனவரியில் வரியை உயர்த்திய பிறகும், பக்கத்துத் தமிழ்நாட்டு விலையைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவாகவே இருந்தது. விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ போய்த் திரும்பும் நம் ஊர்க்காரருக்கு வழியில் பெட்ரோல் போட மனம் வருவதில்லை. "முள் இன்னும் கீழே வரவில்லையே, மூலக்குளம் போய்ப் போட்டுக்கொள்ளலாம்" என்று ஓட்டுகிறார். முள் சரியாக இருந்தால் லாபம். தவறாக இருந்தால் நடு ராத்திரியில், மனைவி மக்களுடன் ரோட்டு ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். அவசரமாக ஒருவரை ஜிப்மருக்குக் கொண்டுபோகிற நேரத்தில் இப்படி ஆனால்?

இன்னொரு நஷ்டமும் உண்டு. இந்தக் காலத்துப் பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது. எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டினால் பம்ப் சூடாகிச் சீக்கிரம் கெடும். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பல ஆயிரம் செலவு!

கோளாறு எங்கே?

டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். மிதவையோடு சேர்ந்த கம்பி, ஒரு சிறு தகட்டின் மேல் உரசிக்கொண்டு நகரும். அந்த இடத்துக்கு ஏற்றபடி மின்சாரம் கூடும், குறையும். அதை ஒயர் முன்பக்கத்து மீட்டருக்குக் கொண்டுபோகிறது. மீட்டர் அதை அளவாகக் காட்டுகிறது.

ஆகவே தவறு டேங்க்கில் இருக்கலாம், ஒயரில் இருக்கலாம், மீட்டரில் இருக்கலாம். நம் பக்கத்தில் முள் ஆடினால் உடனே டேங்க்கைத் திறக்கிறார்கள். இது சரியல்ல. மேலே சொன்ன 39,506 கார்களில் கோளாறு டேங்க்கில் அல்ல, ஸ்பீடாமீட்டர் தொகுப்பில் என்பதைக் கவனியுங்கள்.

முள் நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டே பாதி கண்டுபிடித்துவிடலாம். ஒரே இடத்துக்கு வரும்போது மட்டும் திடீரென்று விழுந்து எழுந்தால், அந்தத் தகடு அங்கே தேய்ந்திருக்கலாம். குலுங்கும்போதெல்லாம் துள்ளினால், ஒயர் கப்ளர் தளர்ந்திருக்கும். அல்லது எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். கடற்காற்று வீசும் நம் ஊரில் துருவுக்குக் கேட்க வேண்டுமா! எவ்வளவு போட்டாலும் முள் எழவே இல்லை என்றால், ஒயர் அறுந்திருக்கலாம்; மிதவை ஓட்டையாகி மூழ்கியும் இருக்கலாம். மற்ற முள்களும் சேர்ந்து படுத்துவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். மேட்டில் நிறுத்தும்போது அளவு கொஞ்சம் மாறுவது கோளாறே அல்ல.

முதலில் ஒயரையும் கப்ளரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் செலவு குறைவு. டேங்க்கைத் திறக்கும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். மெக்கானிக் மிதவையை வெளியே எடுத்து, கையால் மெல்ல உயர்த்தி, ஓம் மீட்டரில் பார்ப்பார். அளவு சீராக மாறினால் அந்தப் பாகம் நல்லது. இடையில் தாவினால் மாற்ற வேண்டியதுதான்.

பங்க்கில் சண்டை

"ஐந்து லிட்டர் போட்டேன், முள் அசையவில்லை!" என்று பங்க்கில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. பங்க் மேல் சந்தேகம் இருந்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது. முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் அங்கே இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. முள்ளைச் சாட்சிக்கு அழைத்தால் வழக்கு நிற்காது.

முள் பழுதாக இருக்கும் நாட்களில் கணக்குத்தான் துணை. டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரம்ப எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்தால் லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்பது தெரிந்துவிடும்.

கணக்கும் தவறினால் என்ன ஆகும்? 1983 ஜூலை 23-ந் தேதி கனடாவில் ஒரு விமானத்தில் எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. கணக்குப் போட்டு நிரப்பினார்கள். 22,300 கிலோ தேவை. கிலோவுக்கும் பவுண்டுக்கும் குழப்பம் வந்து 22,300 பவுண்டுதான் இருந்தது. அதாவது பாதிக்கும் குறைவு! நடுவானில் இரண்டு என்ஜின்களும் நின்றன. விமானி அதைப் பருந்து போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

யார் செலவு?

புதுக் கார் என்றால் மெக்கானிக்கிடம் போகுமுன், திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் அதுவும் ஒன்றா என்று விசாரியுங்கள். காரின் சேஸிஸ் நம்பரைச் சொன்னால் கம்பெனியின் விற்பனை நிலையத்தில் பார்த்துச் சொல்வார்கள். பழைய காராக வாங்கியவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். கம்பெனியின் கடிதம் முதல் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கக்கூடும். பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிகளுக்கு உத்தரவிட, 2019-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது.